மூன்றடிச் சந்தும் ஒரு முற்றமும்

2021 நவம்பர் 19 அன்று, வேலூர் மாவட்டம் பேரணாம்பட்டில், விடாது பெய்த மழைக்கு நடுவே வீடு ஒன்று இடிந்து விழுந்தது. 9 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 4 பேர் குழந்தைகள். மழையின் மீது பழியைப் போட்டுவிட்டு நாம் அந்தச் செய்தியைக் கடந்துவிட்டோம்.

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், பேரணாம்பட்டு எனத் தோல் தொழில் வளர்த்த ஊர்களில் கட்டிடப் பொறியாளனாக முப்பது ஆண்டுகளைக் கழித்த என்னால் அப்படிக் கடக்க இயலவில்லை. இவ்வூர்களின் பழைய தெருக்களில் வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்பவை. சுண்ணாம்புக் காரைச் சுவரும் நாட்டு ஓடும் கொண்ட ஒரு வீட்டுக்கு, அடுத்த வீட்டின் சுவரே பாதித் துணை. அந்தத் தெருக்களில் இன்று புதிய வீடுகள் எழுந்தவண்ணம் உள்ளன. அவை எப்படிக் கட்டப்படுகின்றன, யாருடைய கண்காணிப்பில் கட்டப்படுகின்றன என்பதுதான் இந்தக் கட்டுரையின் கவலை.

எங்கே குடியிருப்பார்கள்?

இந்தக் கவலை இப்போது எழுவதற்குக் காரணம் உண்டு. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில், தைவானைச் சேர்ந்த ஹாங் ஃபூ நிறுவனத்தின் காலணி ஆலைக்கு 2024 டிசம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. முதலீடு ரூ.1,500 கோடி, எதிர்பார்க்கப்படும் வேலைகள் 25,000. தோலைப் பதனிட்டு அனுப்பிய வட்டாரம், காலணி தைத்து அனுப்பும் வட்டாரமாக மாறி வெகுநாளாகிறது. தையல் பிரிவுகளில் பெரும்பான்மையினர் பெண்கள். விடிந்ததும் ஆலைப் பேருந்துகள் கிராமம் கிராமமாகச் சென்று அவர்களை ஏற்றிவருகின்றன. வேலைகளைப் பற்றி நிறையவே பேசுகிறோம். அந்த வேலைகளைச் செய்பவர்கள் எங்கே குடியிருப்பார்கள் என்பதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

குடியிருக்க இடமில்லாதபோது தொழிலாளி ஆலையிலேயே உறங்குகிறார். அதன் விலையையும் இந்த வட்டாரம் அறியும். 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டையில் தோல் ஆலைகளுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்தது. அருகிலிருந்த ஆலையில் படுத்துறங்கிய 10 பேர் அந்தச் சேற்றில் மூழ்கி இறந்தனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைப்புக்காக வந்தவர்கள்.

இதற்கு அரசு கண்டுள்ள விடைகளுள் ஒன்று, பெரும் விடுதி. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் வளாகம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. தனியாக வந்து சில ஆண்டுகள் வேலை பார்க்கும் இளம்பெண்களுக்கு அது பாதுகாப்பானது, வரவேற்கத்தக்கது. ஆனால் விடுதி என்பது வீடாகாது. திருமணமும் குழந்தையும் முதிய பெற்றோரும் உள்ள ஒரு குடும்பம் அங்கே வாழ முடியாது.

சந்தை கண்டுள்ள விடை, ஊருக்கு வெளியே மனைப்பிரிவு. வேலூர் முதல் வாணியம்பாடி வரை நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் வண்ணக் கொடிகள் நட்ட மனைகளைக் காணலாம். நேற்று அவை நஞ்சையாகவோ தென்னந்தோப்பாகவோ இருந்தவை. சில, ஏரி நீர் வழிந்தோடும் தாழ்ந்த நிலங்கள். 1903 நவம்பரில் பாலாற்று வெள்ளம் வாணியம்பாடியைச் சூறையாடியதை நினைவுகூரும் தூண் இன்றும் அவ்வூரில் நிற்கிறது. 2021-இல் அதே ஆறு இருகரையும் தொட்டு ஓடியது. ஆறும் மலைகளும் ரயில் பாதையும் நெடுஞ்சாலையும் நெருக்கும் இந்த ஊர்களில், வெளியே பரவுவது என்பது பெரும்பாலும் நீரின் வழிக்குள் பரவுவதுதான்.

மூன்றாவது விடை ஒன்று உண்டு, ஊருக்குள்ளேயே கட்டுவது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஆம்பூர் நகராட்சியில் மட்டும் சுமார் 1.15 லட்சம் பேர் வாழ்ந்தனர். பள்ளியும் சந்தையும் மருத்துவமனையும் ரயில் நிலையமும் நடந்து செல்லும் தொலைவில் அங்கே இருக்கின்றன. அந்த ஊருக்குள் இடமும் இருக்கிறது. பாகம் பிரிக்கப்படாமல் பாழடைந்து நிற்கும் பழைய வீடுகள் ஒரு வகை. மூடப்பட்ட டேனரி வளாகங்கள் இன்னொரு வகை. இவ்விரண்டையும் நாம் தவறாகக் கையாளுகிறோம் என்பதே என் வாதம்.

வரைபடத்தில் ஒரு வீடு, தரையில் ஒரு வீடு

சில ஆண்டுகளுக்கு முன், ஆம்பூரில் காலணி ஆலை ஒன்றின் மேற்பார்வையாளர் என்னிடம் வந்தார். தந்தை விட்டுச் சென்ற மனை. அகலம் 15 அடி, நீளம் 60 அடி. இருபுறமும் பொதுச்சுவர். அண்ணன், தம்பி இருவருக்கும் ஒவ்வொரு தளம் வேண்டும். மேலே ஒரு சிறு பகுதியை வாடகைக்கு விட வேண்டும். நியாயமான ஆசை.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள், 2019-ஐ அவருக்கு விளக்கினேன். ‘தொடர் கட்டிடப் பகுதி’ என வரையறுக்கப்படாத இடங்களில், குறைந்தது ஒரு பக்கத்திலாவது ஒரு மீட்டர் இடைவெளி விட வேண்டும். அவர் சற்று நேரம் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “சார், அந்த மூணு அடிய விட்டா ரூமு போச்சு, விடலைன்னா பிளான் போச்சு. நான் எதத்தான் விடறது?”

அவருடைய கணக்கு சரியானது. 15 அடியில் மூன்றேகால் அடி போய், இரு சுவர்களின் கனமும் போனால், உள்ளே எஞ்சுவது பத்தடி அகலம். இழக்கும் பரப்போ 60 அடி நீளத்துக்கு ஏறக்குறைய 200 சதுர அடி. 900 சதுர அடி மனையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் அதிகம். இவ்வளவையும் கொடுத்து அவர் பெறுவது என்ன? எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்துத் திறக்கும் சன்னல்கள்; சூரியன் எட்டாத, குப்பை சேரும் ஒரு சந்து.

கடைசியில் அவர் என்ன செய்தார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. வேறொருவர் வரைந்து தந்த வரைபடத்தில் இடைவெளி இருந்தது. தரையில் இல்லை. இந்த ஊர்களின் பழைய தெருக்களில் புதிதாக எழும் வீடுகளில் எத்தனை இப்படிப்பட்டவை என்று கேட்டால், எந்தக் கொத்தனாரும் சிரிப்பார்.

இதைச் சட்டமீறல் என்று கண்டித்துவிட்டுப் போவது எளிது. விளைவைப் பாருங்கள். வரைபடத்துக்கு மாறாகக் கட்டுபவர், கட்டும்போது எந்த அதிகாரியும் எந்தப் பொறியாளரும் வந்து பார்ப்பதை விரும்பமாட்டார். சிறிய குடியிருப்புக் கட்டிடங்களுக்கு நிறைவுச் சான்றிதழ் தேவையில்லை என்ற விலக்கும் இருக்கிறது. ஆகவே கடைக்கால் எவ்வளவு ஆழம், பக்கத்து வீட்டின் பழஞ்சுவரை ஒட்டி எப்படித் தோண்டினார்கள், மழைநீர் எந்தச் சுவரின் அடியில் இறங்குகிறது என்பவை எவர் கண்ணிலும் படுவதில்லை. பொருந்தாத விதி மக்களை மறைவுக்குத் தள்ளுகிறது. அந்த மறைவில் ஒரு சுவர் பலவீனமாவதை யாரும் அறியாமல் போகிறார்கள்.

பழைய வீடு சொல்லும் கணக்கு

இந்த மனைகளுக்குப் பொருந்தும் வடிவம் எது? தெருவிலேயே அது இருக்கிறது. மேல்விஷாரத்திலும் வாணியம்பாடியிலும் தோல் வணிகர்கள் கட்டிய வீடுகளானாலும், அவற்றை அடுத்த எளிய வீடுகளானாலும், இலக்கணம் ஒன்றே. முன்னே திண்ணை, இருபுறமும் பொதுச்சுவர், நடுவே முற்றம். வெளிச்சமும் காற்றும் பக்கவாட்டிலிருந்து வருவதில்லை, மேலிருந்து வருகின்றன.

அதே 900 சதுர அடியில் இந்த இலக்கணத்தைப் பொருத்திப் பார்ப்போம். முன்னால் ஐந்தடி விட்டால் 75 சதுர அடி. நடுவே 10 அடிக்கு 12 அடி முற்றம் என்றால் 120 சதுர அடி. ஆக மொத்தம் 195 சதுர அடி திறந்த வெளி. பக்கவாட்டுச் சந்து மட்டுமே விழுங்கும் பரப்பும் ஏறக்குறைய இதுதான். எஞ்சும் 705 சதுர அடியில், தளப்பரப்புக் குறியீடு 2 என்ற வரம்புக்குள், இரண்டு முழுத் தளங்களும் மூன்றாவது தளத்தில் பாதிக்குச் சற்று மேலும் கட்டலாம். அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று, வாடகைக்கு ஒன்று. ஒவ்வோர் அறையும் முற்றத்தையோ தெருவையோ பார்க்கும்.

வெயிலையும் கணக்கில் கொள்ள வேண்டும். கோடையில் 40 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும் வட்டாரம் இது. பொதுச்சுவரில் வெயில் விழாது. தனித்து நிற்கும் வீட்டின் நான்கு சுவர்களும் வெயில் வாங்கும். அதைத் தணிக்க ஏ.சி. வாங்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. ஆலையிலிருந்து திரும்பும் பெண்ணும் வீட்டிலேயே இருக்கும் மூதாட்டியும் அயலார் பார்வை படாமல் வானத்தைப் பார்த்து உட்கார ஓர் இடம் வேண்டும். முற்றம் அதைத் தருகிறது. சந்தை நோக்கிய சன்னலோ ஆண்டு முழுவதும் மூடியே கிடக்கிறது.

ஊருக்குள் கட்டுவதற்கான தேவை எவ்வளவு வலியது என்பதை வேலூர் நகரம் காட்டுகிறது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைச் சுற்றி, காந்தி சாலையிலும் பாபு ராவ் தெருவிலும், பழைய மனைகள் நோயாளிகளின் உறவினர் தங்கும் விடுதிகளாக உயர்ந்துவிட்டன. சன்னலே இல்லாத அறைகளில் நாள்கணக்கில் தங்கியவர்களை நான் அறிவேன். தேவை இருக்கும் இடத்தில் கட்டிடம் எழும். அதைத் தடுக்க இயலாது. அது எந்த வடிவில் எழ வேண்டும் என்பதை மட்டுமே நாம் தீர்மானிக்கலாம்.

இதற்கு நியாயமான மறுப்பு உண்டு. தொடர்ச்சியாகக் கட்டினால் தீயணைப்பு வண்டி எப்படி நுழையும், கழிவுநீர் எங்கே போகும் என்று கேட்பார்கள். ஆறடிச் சந்தில் நான்கு மாடி வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தெருவின் அகலமே வீட்டின் உயரத்தைத் தீர்மானிக்க வேண்டும். மூன்றாம் தளம் தெருமுகப்பிலிருந்து உள்வாங்க வேண்டும். தெருமுனையில் தீயணைப்புக்கான நீர்க்குழாய் வேண்டும். மூன்றடிச் சந்துக்குள்ளும் தீயணைப்பு வண்டி நுழையப்போவதில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

சுவருக்கு ஒரு சாட்சி

பொதுச்சுவரை விதி ஏற்குமானால், அதற்குரிய பொறுப்பையும் விதி சொல்ல வேண்டும். ஒரு வீட்டை இடிக்கும்போது பக்கத்து வீட்டின் சுவர் தன் துணையை இழக்கிறது. அடுத்த மழைக்காலம் வரை அது தார்ப்பாய்கூட இல்லாமல் நனைகிறது. மண்சாந்தில் கட்டிய சுவர் நீரை உறிஞ்சி எடை கூடும்போது அதன் வலுவோ குறைகிறது. சுவர் விழுவதற்கு இது போதும்.

இங்கிலாந்தில் 1996-இல் பொதுச்சுவருக்கென்றே தனிச் சட்டம் இயற்றினார்கள். பொதுச்சுவரைத் தொடுமுன் அண்டை வீட்டாருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். சச்சரவு எழுந்தால் நில அளவையாளர் தீர்த்துவைப்பார். நம்மிடம் 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் இருக்கிறது. ஆனால் அது சுவர் விழுந்த பின் நீதிமன்றப் படியேறுவோருக்குத்தான் பயன்படுகிறது. இடிப்பதற்கு முன்பே இரு வீட்டுச் சுவர்களையும் ஒரு பொறியாளர் பார்த்து, படமெடுத்து, இரு வீட்டாரிடமும் கையொப்பம் பெறும் எளிய நடைமுறை நமக்கு வேண்டும். ஒரு பிற்பகல் நேர வேலை அது. பேரணாம்பட்டு போன்ற ஊர்களில் மழைக்காலத்துக்கு முன் பழைய வீடுகளைக் கணக்கெடுப்பதையும் நகராட்சிகள் ஆண்டுதோறும் செய்யலாம்.

மண்ணுக்கு ஒரு சான்று

இரண்டாவது வகை இடம், மூடப்பட்ட டேனரிகள். ஊருக்குள் இவ்வளவு பெரிய வளாகங்கள் வேறில்லை. ஒரு வளாகத்தில் ஐம்பது, நூறு குடும்பங்களுக்கு நல்ல வீடுகள் கட்டலாம். ஆனால் அந்த மண்ணின் வரலாறு வேறு.

ஒருகாலத்தில் ஆவாரம் பட்டையைக் கொண்டு பதனிட்டார்கள். பிறகு குரோமிய உப்பு வந்தது. தோலைக் கெடாமல் காக்கச் சமையல் உப்பு, மயிர் நீக்கச் சுண்ணாம்பும் சல்பைடும். இவை பல்லாண்டுகளாக மண்ணில் இறங்கியிருக்கின்றன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தோல் ஆலைப் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுமையோ சாகுபடிக்கு உதவாமல் போனதைப் பதிவுசெய்தது. ராணிப்பேட்டையில், குரோமிய வேதிப்பொருள் தயாரித்த ஆலை ஒன்று மூடப்பட்டபோது, ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத நச்சுக் கழிவு திறந்த வெளியில் விடப்பட்டது. 2006-இல் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட, உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டை இடம்பெற்றது. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு குறித்து மீண்டும் பேச வேண்டியிருந்தது.

இந்த வழக்குகள் மிகுதியும் பேசியவை வயலையும் கிணற்றையும் ஆற்றையும் பற்றித்தான். வீடு எழும் மண்ணைப் பற்றிப் பேச வேண்டிய காலம் இது. குழந்தை விளையாடும் மண்ணில் குரோமியம் எவ்வளவு, எந்த வடிவில் இருக்கிறது என்பது முதற்கேள்வி. கட்டிடத்தின் ஆயுளும் இதில் அடங்கியிருக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். சல்பேட் கான்கிரீட்டை அரிக்கும். மண்ணில் சல்பேட் இருந்தால் எந்தச் சிமென்ட், எவ்வளவு அடர்த்தி என்பதை ஐ.எஸ். 456 தரவிதி தெளிவாகவே சொல்கிறது. ஆனால் மண்ணைச் சோதித்தால்தானே அந்த விதியைத் திறந்து பார்ப்போம்!

நமக்கு முன் இவ்வழியே சென்ற ஊர்கள் உண்டு. உச்ச நீதிமன்றத்தின் 1996-ஆம் ஆண்டு ஆணைப்படி கொல்கத்தாவின் டாங்ரா, தில்ஜலா பகுதி டேனரிகள் நகருக்கு வெளியே பாந்தலாவுக்கு இடம்பெயரத் தொடங்கின. அவை விட்டுச் சென்ற பகுதிகளில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. லண்டனின் பெர்மாண்ட்சி, நூற்றாண்டுகளாகத் தோல் பதனிட்ட பகுதி. இன்று தோல் கிடங்குகள் வீடுகளாகிவிட்டன. டேனர் தெரு என்ற பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அந்நாட்டில், மாசடைந்திருக்க வாய்ப்புள்ள நிலத்தில் வீடு கட்ட அனுமதி கேட்பவர், முதலில் மண்ணை ஆராய்ந்து, தேவையானால் தூய்மைப்படுத்திக் காட்ட வேண்டும். டேனரி நிலத்தைக் குடியிருப்பாக மாற்ற அனுமதி கோரும் ஒவ்வொருவரிடமும் மண், நிலத்தடி நீர் ஆகியவற்றுக்கான சோதனை அறிக்கையை நாமும் கேட்கலாம். வாங்குபவரின் பத்திரத்தோடு அது இணைக்கப்பட வேண்டும். மேல்மண்ணை அகற்றும் செலவை, அந்த மண்ணைக் கெடுத்து லாபம் பார்த்தவர் ஏற்பதே முறை. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற நெறி, 1996-இல் வேலூர் வழக்கிலேயே நிலைநாட்டப்பட்டதுதான்.

விரைவு மட்டும் போதாது

கட்டிட அனுமதியை எளிதாக்க அரசு முயலவில்லை என்று சொல்ல முடியாது. 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டப்படும் தரைத்தளம், முதல்தள வீடுகளுக்கு இணையவழியில் உடனடி அனுமதி கிடைக்கிறது. அதே ஆண்டு, உயரமான கட்டிடங்கள் என்ற வகையில் சேராதவற்றுக்கான உயர வரம்பு 12 மீட்டரிலிருந்து 14 மீட்டராக உயர்த்தப்பட்டது. இரண்டும் நல்ல மாற்றங்கள். ஆனால் இரண்டுமே, சதுரமான மனையும் அகலமான சாலையும் கொண்ட புதிய மனைப்பிரிவைக் கண்முன் நிறுத்திச் சிந்தித்தவை. 15 அடி அகல மனைக்குப் பொருந்தாத வடிவத்தை விரைவாக அனுமதிப்பதால் அந்த மனைக்காரருக்கு ஒரு நன்மையும் இல்லை.

விதிப் புத்தகத்தில் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதுமில்லை. ‘தொடர் கட்டிடப் பகுதி’ என்ற வகை அதில் ஏற்கெனவே இருக்கிறது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் பழைய தெருக்களை ஒவ்வொன்றாக அளந்து, எவை அந்த வகையில் வரும் என்பதை முழுமைத் திட்ட வரைபடத்தில் நகர் ஊரமைப்புத் துறை தெளிவாகக் குறிக்க வேண்டும். அத்தெருக்களில் முற்றத்தைக் கட்டாயமாக்க வேண்டும். 15 அடி, 20 அடி அகல மனைகளுக்கான மாதிரி வரைபடங்களை நகராட்சிகள் இலவசமாகத் தர வேண்டும். கட்டுபவர் எதையும் மறைக்கத் தேவையில்லை என்ற நிலை வந்தால், பொறியாளர் உள்ளே வரலாம், சுவரைப் பார்க்கலாம்.

அண்மையில் அந்த மேற்பார்வையாளரின் வீட்டுக்குப் போயிருந்தேன். பகல் பதினொரு மணிக்கு நடு அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பொதுச்சுவரின் ஓரமாக, தரையிலிருந்து இடுப்பளவுக்கு ஒரு விரிசல் ஏறியிருந்தது. அதன் மேல் காலண்டரை மாட்டியிருந்தார்கள். எப்போது விழுந்த விரிசல் என்று கேட்டேன். வீடு கட்டிய மறுவருடம் என்றார். யாரிடமும் காட்டவில்லையா என்றதற்கு அவர் தணிந்த குரலில் சொன்ன பதில்: “யார்கிட்ட சார் காட்டறது? வந்து பார்த்தா வீட்டையே இல்ல கேள்வி கேப்பாங்க!”